நிழல் வைத்ததும் படம் கெட்டுப்போகிறதா? ஷேப் ஓவியங்களில் ஒளி நிழல் கோளாறுகளும் அவற்றைச் சரிசெய்யும் விதமும்

இல்லஸ்ட்ரேட்டர் மாதிரி ஒரு வரைகலை மென்பொருளில் வட்டம், சதுரம், பென் டூலால் இழுத்த நாலு வளைவு, இவற்றை அடுக்கி ஒரு படம் செய்து முடித்தாயிற்று. தட்டையாக இருந்தவரை நன்றாகத்தான் இருந்தது. நிழலும் வெளிச்சமும் சேர்த்த பிறகு ஏதோ அழுக்கு படிந்த மாதிரி ஆகிவிட்டது, ஆனால் என்ன தப்பு என்று சொல்லத் தெரியவில்லை. இந்தக் கட்டத்தில்தான் பலரும் நிழலின் ஒபாசிட்டியை (அடியில் உள்ளதை அது எவ்வளவு மறைக்கிறது என்ற சதவீதம்) 30, 40, 25 என்று மாற்றி மாற்றி மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள். நானும் இருந்திருக்கிறேன். என் அனுபவத்தில் கோளாறு பாதிக்கு மேல் நிழல் ஷேப்பில் இருப்பதே இல்லை, அதற்குக் கீழே இருக்கும் நிறத்தில் இருக்கும், அல்லது அது உட்கார்ந்திருக்கும் குழுவில் இருக்கும். அதனால் கீழே எந்த அறிகுறிக்கும் முதலில் அடியில் பாருங்கள், அப்புறம் மேலே வாருங்கள்.

எதைத் தொடுவதற்கு முன்பும் ஒரு சின்ன சோதனை. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு புது லேயர், அதில் படம் முழுவதையும் மூடும் கறுப்புச் செவ்வகம், அதன் பிளெண்ட் மோடு (மேல் நிறம் அடி நிறத்தோடு கலக்கும் விதம்) ‘கலர்’. படம் கறுப்பு வெள்ளையாகத் தெரியும். இல்லஸ்ட்ரேட்டர், இங்க்ஸ்கேப், ஃபிக்மா, அஃபினிட்டி டிசைனர் எல்லாவற்றிலும் இது வேலை செய்யும். இந்த நிலையிலேயே உருவம் புரிகிறது, வெளிச்சம் எந்தப் பக்கம் என்று தெரிகிறது என்றால் உங்கள் பிரச்சினை நிறத்தில். புரியவில்லை என்றால் பிரச்சினை வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள இடைவெளியில், நிறத்தை எவ்வளவு மாற்றினாலும் தீராது. சோதனை முடிந்ததும் அந்த லேயரை மறைத்து வையுங்கள், அழிக்க வேண்டாம், திரும்பத் திரும்பத் தேவைப்படும்.

நிழல் சேறு மாதிரி இருக்கிறது

அதிகம் பேர் மாட்டுவது இதில்தான். நிழலுக்கு ஊதா கலந்த நிறம் வைத்து மல்டிப்ளை போடுங்கள் என்று எங்கோ படித்திருப்பீர்கள். தப்பான ஆலோசனை இல்லை, ஆனால் எல்லா நிறத்துக்கும் பொருந்தாது. மல்டிப்ளை செய்வது வெறும் பெருக்கல்: ஒவ்வொரு சானலிலும் (சிவப்பு, பச்சை, நீலம், ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை) இரண்டு எண்ணையும் பெருக்கி 255 ஆல் வகுக்கிறது. அடியில் மஞ்சள் 255, 200, 0 என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே ஊதா 150, 120, 200. விடை 150, 94, 0, அதாவது அழுத்தமான பழுப்பு. ஊதாவில் இருந்த நீலம் அத்தனையும் அந்த ஒரு சைபரில் பெருக்கப்பட்டுக் காணாமல் போய்விட்டது. அதே மஞ்சளின் மேல் 230, 150, 90 என்று ஒரு செம்மண் நிறத்தை வைத்தால் 230, 118, 0 கிடைக்கும், நல்ல ஆரஞ்சு, கண்ணுக்கு இதுதான் மஞ்சளின் நிழல்.

எனவே ஒரே நிழல் நிறத்தைப் படம் முழுக்கப் போர்த்துவதை விட்டுவிட்டு, அடித்தள நிறங்களைக் குடும்பமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மஞ்சள், ஆரஞ்சு, தோல் நிறங்களுக்குச் சிவப்புப் பக்கம் சாய்ந்த நிழல். பச்சைக்கும் நீலத்துக்கும் நீலமோ ஊதாவோ சாய்ந்த நிழல். பிளெண்ட் மோடே வேண்டாம் என்று நினைத்தால் அடித்தள நிறத்தை எச்எஸ்பி ஸ்லைடரில் (ஹியூ என்பது நிறவகை, சாச்சுரேஷன் அதன் அடர்த்தி, பிரைட்னஸ் அதன் வெளிச்சம்) திறந்து, ஹியூவை 10 முதல் 20 டிகிரி நகர்த்தி, சாச்சுரேஷனைக் கொஞ்சம் ஏற்றி, பிரைட்னஸை இறக்கி ஒரு நிழல் ஸ்வாட்ச் (சேமித்து வைத்த நிறம்) செய்துவிடுங்கள். மஞ்சளுக்கு மட்டும் தனி எச்சரிக்கை: ஹியூவை அப்படியே விட்டுப் பிரைட்னஸை மட்டும் இறக்கினால் அது பாசிப் பச்சையாகத் தெரிய ஆரம்பிக்கும். ஹியூ 60 இல் இருக்கும் மஞ்சளின் நிழலை 40, 35 பக்கம் இழுத்தால்தான் மஞ்சளாகவே தோன்றும்.

கறுப்பு நிறத்தை 20 சதவீத ஒபாசிட்டியில் மேலே வைப்பது? அவசரத்துக்குச் சரி. ஆனால் அது எல்லா நிறங்களையும் ஒரே கறுப்பை நோக்கி இழுக்கும், படம் மேகமூட்டமான நாளில் எடுத்த புகைப்படம் மாதிரி ஆகிவிடும்.

நிழல் வைத்தேன், தெரியவே இல்லை; ஹைலைட் வைத்தேன், அதுவும் தெரியவில்லை

கறுப்புச் சட்டை, கறுப்பு முடி, இந்த இரண்டிலும்தான் முதல் புகார் வரும். அடித்தளம் 20, 20, 20 என்றால் அதைப் பாதியாக்கினாலும் 10 தான், பத்து எண் வித்தியாசத்தை எந்தத் திரையில் பார்ப்பது? நிழலை இன்னும் கறுப்பாக்கி ஒன்றும் ஆகப்போவதில்லை. அடித்தளத்தை ஏற்றுங்கள். 60, 58, 72 என்று வையுங்கள், பக்கத்தில் வெளிர் நிறங்கள் இருந்தால் அது கறுப்பாகத்தான் படிக்கப்படும், அதன் மேல் நிழல் 28, 27, 34 வாக்கில் வரும்போது மடிப்பு தெரியும்.

வெள்ளைக்கும் இதே கதைதான், தலைகீழாக. வெளுப்பாக்கும் பிளெண்ட் மோடான ஸ்கிரீன் வெள்ளையின் மேல் எதையும் செய்யாது, ஏற்கெனவே 255 இல் இருப்பதை எங்கே ஏற்றுவது? வெள்ளைக் கோப்பையின் அடித்தளத்தை 232, 236, 242 போல ஒரு மங்கலான நிறத்துக்கு இறக்குங்கள், சுத்த வெள்ளையை ஹைலைட்டுக்கு மட்டும் ஒதுக்குங்கள். இதைப் பழக்கமாக்கிக்கொண்டால், சுத்தக் கறுப்பும் சுத்த வெள்ளையும் ஸ்வாட்ச் பேனலில் அடித்தள நிறமாக இருக்கவே கூடாது என்று நீங்களே ஒரு சட்டம் போட்டுவிடுவீர்கள்.

இதோடு சேர்ந்து வரும் இன்னொன்று: விளக்கின் ஒளிவட்டத்துக்கு வெள்ளையிலிருந்து கறுப்புக்குப் போகும் ரேடியல் கிரேடியன்ட் (நடுவிலிருந்து வட்டமாக நிறம் மெல்ல மாறுவது) போட்டு ஸ்கிரீன் வைத்தேன், வட்டத்தைச் சுற்றிச் சாம்பல் கட்டம் தெரிகிறது. ஆவணம் சிஎம்ஒய்கே மோடில் (அச்சுக்கான நான்கு மை நிறமுறை) இருக்கிறதா பாருங்கள். திரைக்கான ஆர்ஜிபியில் கறுப்பு ஸ்கிரீனில் முழுசாக மறையும். சிஎம்ஒய்கேயில் கறுப்பு மை மட்டும் கொண்ட ஸ்வாட்சில் மற்ற மூன்று மைகளும் சைபர், அந்தச் சைபர் அடியில் இருக்கும் நிறத்தை வெளுக்க வைத்துவிடும். இல்லஸ்ட்ரேட்டரில் ஃபைல் மெனுவில் டாக்குமென்ட் கலர் மோடை ஆர்ஜிபிக்கு மாற்றுங்கள். அச்சுக்குத்தான் என்றால் கறுப்பை நம்பாமல், வெளி முனையின் ஒபாசிட்டியை 0 ஆக்கிச் சாதாரண மோடிலேயே ஒளிவட்டம் செய்யுங்கள்.

கிரேடியன்ட்டின் நடுவில் சாம்பல் பட்டை

சுத்த மஞ்சளிலிருந்து சுத்த நீலத்துக்கு ஒரு கிரேடியன்ட் இழுங்கள். நடுப்புள்ளி எங்கே வரும்? 128, 128, 128. மொட்டைச் சாம்பல். எதிரெதிர் நிறங்களுக்கு இடையே நேர்க்கோட்டில் போனால் வழியில் இந்த ஊர்தான் வரும். நடுவில் ஒரு ஸ்டாப் (நிறப் புள்ளி) சேர்த்து அதற்கு உயிருள்ள ஒரு நிறம் கொடுங்கள், சூரிய அஸ்தமன வானத்துக்கு இளஞ்சிவப்பு மாதிரி.

மறையும் கிரேடியன்ட்டில் வேறு வகை அழுக்கு. நிழல் ஒரு முனையில் அடர்நீலம், மறுமுனையில் வெள்ளை, வெள்ளையின் ஒபாசிட்டி 0. கண்ணுக்குத் தெரியாத வெள்ளைதானே என்று விட்டால், பாதி வழியில் அது தெரியும், வெளிறிய தூசி மாதிரி. இரண்டு முனைக்கும் ஒரே நிறம் கொடுத்து, ஒன்றில் மட்டும் ஒபாசிட்டியை 0 ஆக்குங்கள். அவ்வளவுதான்.

வானத்தில் படிக்கட்டு தெரிகிறது

இரவு வானம், 30, 40, 70 இலிருந்து 45, 58, 95 வரை. நீலச் சானலில் மொத்தமே 25 படி. படம் 2000 பிக்சல் அகலம் என்றால் ஒரு படிக்கு 80 பிக்சல், பட்டை பட்டையாகத் தெரியாமல் என்ன செய்யும்? உங்கள் மென்பொருளில் குறை இல்லை, 8 பிட் நிறத்தில் அதற்கு மேல் இடம் இல்லை. நிறங்களின் இடைவெளியைக் கூட்டுங்கள், அல்லது கிரேடியன்ட் பரவும் பரப்பைக் குறையுங்கள், அல்லது மேலே கொஞ்சம் மணல் தூவுங்கள். கடைசியாகச் சொன்னதுதான் எனக்குப் பிடித்த வழி. இல்லஸ்ட்ரேட்டரில் எஃபெக்ட் மெனுவில் டெக்ஸ்சர், அதற்குள் கிரெய்ன். அஃபினிட்டியில் கலர் பேனலில் ஒபாசிட்டி ஸ்லைடரையே நாய்ஸ் ஸ்லைடராக மாற்றிக்கொள்ளலாம். பட்டைகள் உடைந்துவிடும், கூடவே அச்சுப் படம் போல ஒரு சொரசொரப்பும் இலவசமாகக் கிடைக்கும்.

நிழலின் ஓரத்தில் மயிரிழை மாதிரி வெள்ளைக் கோடு

முதலில் ஜூம் செய்யுங்கள், 800 சதவீதம், 1600 சதவீதம். கோடும் கூடவே தடிமனானால் அது நிஜமான இடைவெளி, ஷேப்கள் சரியாக ஒட்டவில்லை, ஸ்னாப் போட்டுச் சேர்த்துவிடுங்கள். எவ்வளவு பெரிதாக்கினாலும் அதே ஒரு பிக்சல் அளவில் நின்றால் அது ஆன்டி-ஏலியாசிங் (விளிம்பு மழுமழுப்பாகத் தெரிய ஓரப் பிக்சல்களைப் பாதி நிறமாக்குவது) வேலை. விளிம்புப் பிக்சலில் அடித்தள ஷேப் பாதிதான் மூடியிருக்கும், அதன் மேல் நிழலும் பாதிதான் மூடும், மூடாத கால்வாசியில் அடித்தள நிறம் எட்டிப் பார்க்கும்.

இதற்குப் பெரிய காரணம் ஷேப்பை இரண்டாக வெட்டுவது. பாத்ஃபைண்டரிலோ ஷேப் பில்டரிலோ வட்டத்தை வெளிச்சப் பாதி, நிழல் பாதி என்று பிளந்துவிட்டு இரண்டுக்கும் நிறம் கொடுத்தால் வெட்டின இடத்தில் பின்னணி கசியும். வெட்டாதீர்கள். முழு வட்டம் அடியில் அப்படியே இருக்கட்டும், நிழலை மேலே வையுங்கள்.

வெளி விளிம்பில் வரும் கோட்டுக்கு: நிழலை விளிம்போடு சரியாக நிறுத்தாமல் வெளியே தாராளமாக நீட்டுங்கள், அடித்தள நிறத்தையும் நீட்டுங்கள், அப்புறம் இரண்டையும் சேர்த்து உருவத்தின் வெளிக்கோட்டு நகலால் ஒரே முறை கிளிப்பிங் மாஸ்க் (வெளிக்கோட்டைத் தாண்டியதை மறைப்பது) போடுங்கள். இல்லஸ்ட்ரேட்டரில் கண்ட்ரோல் + 7. நிழலை மட்டும் தனியாகக் கிளிப் செய்தால் கோடு பெரும்பாலும் அங்கேயே நிற்கும், இது தெரியாமல் நான் வெகுநாள் மாஸ்க்கைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

எல்லா ஷேப்பும் பலூன் மாதிரி உப்பியிருக்கிறது

ஓரம் எல்லாம் இருட்டு, நடு எல்லாம் வெளிச்சம். மேசை, புத்தகம், கன்னம், மரம், எது வரைந்தாலும் தலையணை. ரேடியல் கிரேடியன்ட்டை இழுத்து நடுவில் விட்டால், அல்லது எல்லாவற்றுக்கும் இன்னர் ஷேடோ போட்டால் இதுதான் நடக்கும், ஏனென்றால் நிழல் உருவத்தின் வெளிக்கோட்டைப் பின்பற்றுகிறது, வெளிச்சத்தைப் பின்பற்றவில்லை.

பூட்டிய ஒரு லேயரில் வெளிச்சம் வரும் திசைக்கு ஒரு அம்புக்குறி போடுங்கள். சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றும், போடுங்கள். பிறகு ஒவ்வொரு ஷேப்பையும் எடுத்து ஒரே கேள்வி: இது நிஜத்தில் பெட்டியா, உருளையா, உருண்டையா? பெட்டி என்றால் கிரேடியன்ட்டே தேவையில்லை, மூன்று பக்கத்துக்கு மூன்று தட்டையான நிறம் போதும். உருளை என்றால் நேர்க்கோட்டு கிரேடியன்ட், அதுவும் உருளையின் அச்சுக்குக் குறுக்காக. உருண்டைக்கு மட்டும் ரேடியல், அதன் மையத்தை அம்பு வரும் பக்கம் இழுத்துவிட வேண்டும். உருண்டையில் இன்னொரு நுணுக்கம் உண்டு: மிக இருண்ட இடம் வெளி விளிம்பு அல்ல, அதற்குக் கொஞ்சம் உள்ளே. தரையில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் விளிம்பை லேசாக ஏற்றிவிடும். கிரேடியன்ட்டில் கடைசி ஸ்டாப்புக்கு முந்தையதை மிக இருட்டாக்கி, கடைசியைச் சற்றே வெளுப்பாக்கினால் வட்டம் சட்டென்று உருண்டையாகிவிடும். ஆனால் அந்தத் திரும்பும் வெளிச்சம் நேர் வெளிச்சப் பகுதியைவிட எப்போதும் இருட்டாகவே இருக்க வேண்டும், அதை மீறினால் பொருள் உள்ளிருந்து எரிவது போல இருக்கும்.

தட்டைப் பாணியில் வரைபவர்கள் கிரேடியன்ட்டே வைக்காமல் ஒரு கூர்மையான நிழல் ஷேப்போடு நிறுத்திக்கொள்ளலாம். ஒரு ஷேப் சரியான இடத்தில் விழுந்தால் பத்து கிரேடியன்ட்டுக்குச் சமம் என்பது என் கட்சி.

பொருள் தரையில் நிற்கவில்லை, மிதக்கிறது

டிராப் ஷேடோ எஃபெக்ட் போட்டிருப்பீர்கள். அது காகிதம் சுவரிலிருந்து விலகி நிற்பதைக் காட்டச் செய்தது, கோப்பை மேசையில் உட்கார்ந்திருப்பதைக் காட்ட அல்ல. எடுத்துவிட்டு இரண்டு நிழல் வரையுங்கள். ஒன்று, பொருள் தரையைத் தொடும் இடத்தில் ஒடுங்கிய, அடர்ந்த, கூர்மையான கீற்று. இன்னொன்று, வெளிச்சத்துக்கு எதிர்ப்பக்கம் நீளும் பெரிய மங்கலான நிழல், தூரம் போகப் போக ஒபாசிட்டி குறையும் கிரேடியன்ட்டோடு.

விளிம்பு எவ்வளவு மங்க வேண்டும் என்பதை வெளிச்சமே சொல்லும். சூரியன் வானத்தில் ஏறத்தாழ அரை டிகிரி அகலம். அதனால் நிழலை உண்டாக்கும் விளிம்பு, நிழல் விழும் இடத்திலிருந்து 1 மீட்டர் தள்ளி இருந்தால் நிழலின் ஓரம் சுமார் 9 மில்லிமீட்டர்தான் மங்கும். வெயில் காட்சியில் 40 பிக்சல் பிளர் போட்டால் ஏன் பொய்யாகத் தெரிகிறது என்பது இப்போது புரிந்திருக்கும். மேகமூட்டமான நாளுக்கும் பெரிய ஜன்னலுக்கும் வேண்டுமானால் நிறைய மங்கவிடுங்கள்.

நகல் எடுத்துத் திருப்பியதும் வெளிச்சம் தாறுமாறாகிவிட்டது

இது என் சொந்தக் கதை. ஒரு செடிக்கு ஒரே ஒரு இலையை அழகாக ஷேடிங் செய்து, இருபது நகல் எடுத்து, பாதியைத் திருப்பிப்போட்டு, அனுப்பியும் விட்டேன். திரும்பி வந்த கேள்வி: இந்தச் செடிக்கு எத்தனை சூரியன்? திருப்பினால் கிரேடியன்ட்டும் சேர்ந்துதான் திரும்பும். ஆகவே வரிசையை மாற்றுங்கள். தட்டை நிற ஷேப்பை நகலெடுத்து, சுழற்றி, இடத்தில் வைத்த பிறகே நிழல். இங்க்ஸ்கேப்பில் இதற்கு ஒரு வசதி உண்டு: செலக்டர் கருவியின் மேல்பட்டையில் கிரேடியன்ட்டையும் சேர்த்து நகர்த்தும் பொத்தான் இருக்கும், அதை அணைத்துவிட்டால் ஷேப் திரும்பும், கிரேடியன்ட் அசையாது. வேலை முடிந்ததும் மறக்காமல் மீண்டும் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் அடுத்த வாரம் ‘ஏன் நகர்த்தினால் நிறம் மாறுகிறது’ என்று தேடிக்கொண்டிருப்பீர்கள்.

பல ஷேப்கள் சேர்ந்து ஒரே பரப்பாக இருக்கும்போது (ஓடு வேய்ந்த கூரை மாதிரி) ஒவ்வொன்றும் தனித்தனியாக மின்னினால், இல்லஸ்ட்ரேட்டரில் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து கிரேடியன்ட் கருவியை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒரே இழுப்பாக இழுங்கள். ஒரே வெளிச்சம் எல்லாவற்றின் மேலும் ஓடும்.

குழுவாக்கியதும் நிழலின் நிறம் மாறிவிட்டது

பல மென்பொருள்களில் குழுவுக்கு 100 க்குக் குறைவான ஒபாசிட்டி, மாஸ்க், பிளர் ஏதாவது ஒன்று கொடுத்தால் அதற்குள் இருக்கும் மல்டிப்ளை வெளியே இருக்கும் பின்னணியைப் பார்க்காது, குழுவுக்குள் இருப்பதோடு மட்டும் கலக்கும். ஃபிக்மாவில் குழுவின் மோடு ‘பாஸ் த்ரூ’வா ‘நார்மல்’ஆ என்று பாருங்கள், பாஸ் த்ரூ என்றால் கலவை வெளியே போகும். நேர்மாறான தொல்லையும் உண்டு, உருவத்தின் நிழல் பின்னணி மேலும் வழிந்து அழுக்காக்கும். அப்போது இல்லஸ்ட்ரேட்டரில் டிரான்ஸ்பேரன்சி பேனலில் ஐசொலேட் பிளெண்டிங்கை டிக் செய்யுங்கள். ஃபிக்மாவில் அந்தக் குழுவை நார்மலாக்கினால் போதும்.

பிளர் செய்த நிழல் கத்தியால் வெட்டின மாதிரி நேராக நிற்கிறது

எஸ்விஜியில் (இணையத்துக்கான வெக்டர் கோப்பு வகை) பிளர் போன்ற ஃபில்டருக்கு ஒரு எல்லை உண்டு. யாரும் எதுவும் சொல்லாவிட்டால் ஷேப்பைச் சுற்றி ஒவ்வொரு பக்கமும் 10 சதவீதம்தான். காசியன் பிளரோ அதன் அளவைப் போல மூன்று மடங்கு தூரம் பரவும். 100 பிக்சல் ஷேப்புக்கு அளவு 10 என்றால் 30 பிக்சல் இடம் வேண்டும், இருப்பது 10. ஃபில்டர் எல்லையை மைனஸ் 30 சதவீதத்தில் தொடங்கி 160 சதவீத அகலத்துக்கு மாற்றுங்கள், இங்க்ஸ்கேப்பில் ஃபில்டர் எடிட்டரின் பொது அமைப்புப் பகுதியில் இது இருக்கிறது. ஃபிக்மாவில் இப்படி வெட்டுப்பட்டால் ஃபிரேமின் ‘கிளிப் கன்டென்ட்’ டிக்கை எடுத்தாலே போதும்.

கூடவே ஒன்று: துல்லியமாகக் கிடைமட்டமான ஒரு கோட்டுக்கு ஸ்ட்ரோக் கிரேடியன்ட் கொடுத்து அது எஸ்விஜியில் மாயமாகிவிட்டால், கோட்டின் உயரம் சைபர் என்பதுதான் காரணம். கோட்டுக்குப் பதில் மெல்லிய செவ்வகம் வரையுங்கள்.

இங்கே ஒரு மாதிரி, எக்ஸ்போர்ட் செய்தால் வேறு மாதிரி

சிறிதாக்கியதும் நிழல் பூதாகாரமாகத் தெரிந்தால், ஷேப் சுருங்கியது, பிளர் அளவு சுருங்கவில்லை. இல்லஸ்ட்ரேட்டரில் ஸ்கேல் ஸ்ட்ரோக்ஸ் அண்ட் எஃபெக்ட்ஸ் அமைப்பைப் போடுங்கள். ஃபிக்மாவில் மூலையைப் பிடித்து இழுக்காமல் ஸ்கேல் கருவியை எடுங்கள், குறுக்குவிசை கே. பிளர் பிக்சல் பிக்சலாக உடைந்தால், இல்லஸ்ட்ரேட்டரில் டாக்குமென்ட் ராஸ்டர் எஃபெக்ட்ஸ் செட்டிங்ஸ் 72 இல் இருக்கும், அச்சுக்கு 300 ஆக்குங்கள், ஆக்கிய பிறகு பிளர் தோற்றத்தை இன்னொரு முறை சரிபாருங்கள்.

எஸ்விஜியில் மல்டிப்ளை நிழல் வெறும் ஊதாப் பட்டையாகத் தெரிகிறதா? பிளெண்ட் மோடுகள் அங்கே சிஎஸ்எஸ் வழியாக வருகின்றன, எல்லாச் செயலிகளும் அதைப் படிப்பதில்லை. ஐட்ராப்பரால் திரையில் தெரியும் கலவை நிறத்தை எடுத்து, நிழல் ஷேப்புக்கு அதையே கொடுத்து, மோடை நார்மலாக்கிவிடுங்கள். ஃப்ரீஃபார்ம் கிரேடியன்ட்டும் மெஷ்ஷும் எஸ்விஜிக்குள் பிக்சல் படமாகத்தான் போகும், கோப்பு வீங்கும், அதனால் ஐகான்களில் அவற்றைத் தொடாமல் இருப்பது நல்லது.

அச்சில் நிழலைச் சுற்றி வெள்ளைப் பெட்டி வந்தால் அடியில் ஸ்பாட் கலர் (தனியாகக் கலந்த மை) இருக்கிறதா, பிடிஎஃப் பழைய பதிப்பில் சேமிக்கப்பட்டதா என்று பாருங்கள். ஒளிபுகும் தன்மையே பிடிஎஃப்பில் 2001 இல் வந்த 1.4 பதிப்பிலிருந்துதான், அதற்கு முந்தைய 1.3 எல்லாவற்றையும் தட்டையாக்கித் துண்டு போட்டுவிடும். ஸ்பாட் கலரைச் சிஎம்ஒய்கேக்கு மாற்றி, பிடிஎஃப்/எக்ஸ்-4 ஆகச் சேமித்துக் கொடுங்கள்.

கோப்பு நகரவே மாட்டேன் என்கிறது

பிளர்களை எண்ணுங்கள். இருபது ஷேப்புக்கு இருபது பிளர் இருந்தால், ஒரே நிறத்தில் உள்ளவற்றைக் குழுவாக்கிக் குழுவுக்கு ஒரே ஒரு பிளர் கொடுங்கள், முடிந்த இடங்களில் ஒபாசிட்டி குறையும் கிரேடியன்ட்டால் மாற்றிவிடுங்கள், பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. அதுவரை இல்லஸ்ட்ரேட்டரில் கண்ட்ரோல் + ஒய் அழுத்தி வெளிக்கோட்டுக் காட்சியில் வேலை செய்யுங்கள், அந்தக் காட்சியிலேயே மறந்துபோன நிழல் ஷேப்கள் நாலைந்து மூலையில் ஒளிந்திருப்பதும் தெரியும்.